ஜாய் டிவிஷன் சேகரிப்பு: அபூர்வ இசைத்தட்டு, போஸ்டர், பழைய ஒலிப்பதிவு தேடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பமான 'அன்னோன் பிளெஷர்ஸ்' இசைத்தட்டு மேசையில் கிடக்கும்போது கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். அறைக் கதவைச் சாத்திவிட்டு, எரியும் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நிறம் மாறும். வெளிச்சம் தட்டுக்குள் ஊறி, மாதுளைச் சாறு போலக் கருஞ்சிவப்பாகக் கசியும். 1979-இல் இங்கிலாந்தில் அச்சான முதல் பதிப்பின் பிரதிகள் பலவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. முதல்முறை பார்த்தபோது நான் அன்று இரவு பாட்டே கேட்கவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பி விளக்கில் காட்டிக்கொண்டே இருந்தேன்.

இந்தப் பித்து பிடித்தவர்களுக்கும் பிடிக்கப்போகிறவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. மான்செஸ்டர் பக்கத்து ராக் குழுவான ஜாய் டிவிஷனை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த இண்டி குழு (பெரிய நிறுவனங்களைச் சாராத குழு) வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

முதலில் எல்லையைக் கட்டுங்கள்

சால்ஃபோர்டிலிருந்து பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும், மாக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து பாடகர் இயன் கர்டிஸும் ஸ்டீஃபன் மாரிஸும். முதலில் 'வார்சா' என்ற பெயரில் வாசித்தார்கள். 1978 தொடக்கத்தில் பெயர் ஜாய் டிவிஷன் ஆனது. 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப இருந்த தறுவாயில், கர்டிஸ் உயிரை விட்டார். மிச்சம் மூவரும் நியூ ஆர்டர் என்று வேறு குழுவானார்கள். ஜாய் டிவிஷனின் கணக்கு அத்தோடு முடிந்தது. ஸ்டுடியோ ஆல்பம் இரண்டே இரண்டு.

சேகரிப்பவருக்கு இது பெரிய வசதி. இன்னும் ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கும் குழுவைத் துரத்தினால் பட்டியல் முடிவதே இல்லை. இங்கே இசைத்தட்டுகளை மட்டும், கர்டிஸ் காலத்திலும் அவர் போன இரண்டு மாதத்துக்குள்ளும் முதலில் வெளிவந்தவை என்று வரம்பு கட்டினால், ஒரு டஜன்கூடத் தேறாது. 1978 ஜூனில் வந்த 'ஆன் ஐடியல் ஃபார் லிவிங்' ஏழு அங்குலத் தட்டு. அதே பாட்டுகள் சில மாதம் கழித்துப் பன்னிரண்டு அங்குலத்தில். எலெக்ட்ரிக் சர்க்கஸ் கிளப்பின் கடைசி நாட்களில் பல குழுக்கள் வாசித்ததைத் தொகுத்து வர்ஜின் நிறுவனம் வெளியிட்ட பத்து அங்குலத் தட்டில் ஒரே ஒரு பாட்டு. குழுவின் ஆல்பங்களை வெளியிட்ட ஃபாக்டரி நிறுவனத்தின் முதல் தொகுப்பான 'எ ஃபாக்டரி சாம்பிள்'. பிறகு 'அன்னோன் பிளெஷர்ஸ்'. ஃபாஸ்ட் பிராடக்ட் நிறுவனத்தின் 'இயர்காம் 2'-இல் இரண்டு பாட்டு. 'டிரான்ஸ்மிஷன்'. பிரான்சில் வந்த 'லிக்ட் உண்ட் பிளிண்ட்ஹைட்'. இலவசமாகக் கொடுத்த 'கொமாகினோ' என்ற வளையும் தட்டு. 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்'. கடைசியாக, 1980 ஜூலையில் 'க்ளோசர்'.

இப்போது எச்சரிக்கை. ஃபாக்டரி நிறுவனம் இசைத்தட்டுக்கு மட்டும் எண் கொடுக்கவில்லை, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் கொடுத்தது. எஃப்.ஏ.சி. 1 ஒரு போஸ்டர். எஃப்.ஏ.சி. 51 ஹாசியெண்டா என்ற இரவு விடுதி. எஃப்.ஏ.சி. 61, ஜாய் டிவிஷன் ஆல்பங்களின் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் இதே நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு! விடுதியில் வளர்ந்த பூனைக்கும் எண் உண்டு. நிறுவனர்களில் ஒருவரான டோனி வில்சனின் சவப்பெட்டிக்கு 501. 'ஃபாக்டரி எண் எல்லாவற்றையும் சேர்க்கிறேன்' என்று கிளம்பியவர்களை நான் அறிவேன். வீடு நிறையும், மனசு நிறையாது. (அந்த மூன்றெழுத்தைத் தமிழில் 'ஃபேக்' என்று எழுதினால் 'போலி' என்று படித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுத்தெழுத்தாகப் பிரிக்கிறேன். ஆல்பங்களுக்குக் கடைசியில் ஒரு எழுத்து கூடும்: ஃபேக்ட் 10, ஃபேக்ட் 25.)

என் எல்லை, மேலே சொன்ன தட்டுகளின் பிரிட்டன், பிரான்ஸ் முதல் பதிப்புகள், 1981-இல் வந்த 'ஸ்டில்' தொகுப்பு, கொஞ்சம் காகிதம், பதிவான கச்சேரி ஒலிநாடாக்களின் நல்ல பிரதிகள். இதையே இன்னும் முடித்தபாடில்லை.

காது பழகிய பிறகு கை நீளட்டும்

அபூர்வத் தட்டு வாங்கும் முன் மலிவான, முறையான மறுபதிப்புகளை வாங்கிக் கேளுங்கள். 1997-இல் வந்த 'ஹார்ட் அண்ட் சோல்' நான்கு சி.டி. தொகுப்பில் ஸ்டுடியோ பாட்டுகள் அநேகமாக எல்லாம் அடங்கிவிடும். 2007-இல் 'அன்னோன் பிளெஷர்ஸ்', 'க்ளோசர்', 'ஸ்டில்' மூன்றையும் தலா ஒரு கச்சேரிப் பதிவோடு இரட்டை சி.டி.யாகப் போட்டார்கள். காசுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அசல் ஒலி காதில் ஏறியிருந்தால்தான், போலித் தட்டு ஓடும்போது எங்கேயோ இடறுவது தெரியும்.

தட்டைப் படிப்பது

முழுக் கட்டுரையையும் விட்டுவிட்டு ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் வழவழப்பான வளையம் ஒன்று இருக்கிறதல்லவா? அதில் எண்ணும் எழுத்தும் இருக்கும். அதைத்தான் மேட்ரிக்ஸ் எண் என்கிறோம். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் தெளிவாகத் தெரியும். இதில் இரண்டு வகை: இயந்திரம் குத்தியது, கையால் கீறியது.

கையால் கீறியது எப்படி வருகிறது? ஒலிநாடாவிலிருந்து பாட்டை முதலில் லாக்கர் (ஒருவகை மெருகுப் பூச்சு) பூசிய தட்டில் வெட்டுவார்கள். வெட்டும் பொறியாளர் அந்த லாக்கரின் ஓரத்தில் கூரான ஊசியால் எண்ணைக் கீறுவார். கூடவே விளையாட்டாக ஒரு வரியும் எழுதுவார். அந்த லாக்கருக்கு உலோக முலாம் பூசி அச்சு எடுத்து, அந்த அச்சை வைத்துத்தான் ஆயிரக்கணக்கில் தட்டுகளை அழுத்துவார்கள். ஆகவே ஒரே வெட்டிலிருந்து வந்த தட்டுகள் எல்லாவற்றிலும் அந்தக் கையெழுத்து மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்கும். போலி அடிப்பவனிடம் அந்த லாக்கரும் இல்லை, அச்சும் இல்லை. அவன் புதிதாக வெட்டியாக வேண்டும், புதிதாகக் கீறியாக வேண்டும். என்னதான் பார்த்து எழுதினாலும் ஒரு சுழி, ஒரு சாய்வு மாறிவிடும்.

'அன்னோன் பிளெஷர்ஸ்' முதல் பக்கத்தில் 'திஸ் இஸ் த வே' என்றும் மறுபக்கத்தில் 'ஸ்டெப்' என்றும் கீறியிருக்கும். சேர்த்துப் படித்தால் 'இதுதான் வழி, வா' என்று அழைக்கிற ஒரு பாட்டின் பல்லவி. அந்தப் பாட்டு இந்த ஆல்பத்தில் இல்லை, அடுத்த வருடம் 'க்ளோசர்' திறக்கும்போது முதலில் வருவது அதுதான். 'ஸ்டில்' இரட்டைத் தட்டு இன்னும் வேடிக்கை. முதல் பக்கத்தில் 'கோழி நிற்காது' என்ற பொருளில் ஒரு வரி, நடு இரண்டு பக்கங்களில் கோழிக்கால் தடம் மட்டும், கடைசிப் பக்கத்தில் 'கோழி இங்கே நிற்கிறது'. கர்டிஸ் இறப்பதற்கு முந்தைய இரவு தொலைக்காட்சியில் பார்த்த ஜெர்மன் இயக்குநர் ஹெர்சாகின் 'ஸ்ட்ரோஷெக்' படத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் கோழி அது. கைவிரல் நகம் அளவு இடத்தில் நண்பர்கள் போட்ட கல்வெட்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

கீறலுக்கு அடுத்து லேபிளும் அட்டையும். 'அன்னோன் பிளெஷர்ஸ்' 1979 ஜூனில் வந்தபோது முதலில் அடித்தது 10,000 பிரதி. பக்கங்களுக்கு 'ஏ', 'பி' என்ற பெயர் கிடையாது. 'அவுட்சைட்', 'இன்சைட்' என்று இருக்கும். அட்டை சொரசொரப்பான கறுப்புத் தாள். முன்பக்கம் குழுவின் பெயரே இல்லை, அலைக்கோடுகள் மட்டும். 1967-இல் ஜோஸ்லின் பெல் பர்னெல் கண்டுபிடித்த முதல் பல்சர் விண்மீனின் ரேடியோத் துடிப்புகள் அவை. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் குழுவினர் பார்த்த படத்தை ஃபாக்டரியின் வடிவமைப்பாளர் பீட்டர் சேவில் கறுப்பு வெள்ளை மாற்றிப் போட்டார். அடுத்தடுத்த 80 துடிப்புகள், 80 கோடுகள். பிளாட்பாரத்தில் விற்கும் டி-ஷர்ட்டை எடுத்துக் கோடுகளை எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் யாரோ அவசரத்தில் வரைந்ததாக இருக்கும்.

சொரசொரப்பு மட்டும் போதாது, பிந்திய பதிப்புகள் சிலவற்றிலும் உண்டு. சிவப்புக் கசிவும் மட்டும் போதாது. 2019-இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பையே சிவப்புத் தட்டில், வெள்ளை அட்டையில் போட்டார்கள். கீறல், லேபிள், அட்டை, நிறம் நான்கும் ஒரே திசையில் கை காட்ட வேண்டும். பின்னட்டையில் பார்கோடு இருந்தால் பேச்சே வேண்டாம், அது பிந்தியது.

போலிகள்

இந்தக் குழுவின் பொருள்களில் அதிகம் போலி வருவது இரண்டுக்கு.

ஒன்று 'ஆன் ஐடியல் ஃபார் லிவிங்' ஏழு அங்குலம். 1977 டிசம்பரில் ஓல்டமில் உள்ள பென்னைன் ஸ்டுடியோவில் நான்கு பாட்டு பதிந்து, கர்டிஸ் வங்கியில் கடன் வாங்கி, எனிக்மா என்ற சொந்த லேபிளில் (வெளியீட்டுப் பெயரில்) 1,000 பிரதி அடித்தார்கள். உறை என்பது விரித்தால் போஸ்டராகும் ஒரே தாள். அதைக் குழுவினரே உட்கார்ந்து மடித்தார்கள். நாலு பாட்டை ஏழு அங்குலத்தில் திணித்ததால் பள்ளங்கள் நெருக்கமாகி ஒலி அடிவாங்கியது. அதைச் சரிசெய்யத்தான் அனானிமஸ் என்ற லேபிளில் பன்னிரண்டு அங்குலப் பதிப்பு வந்தது. அதன் உறையில் சாரம் கட்டிய படம் இருக்கும். ஏழு அங்குலத்தைக் கேட்டு 'அட, இவ்வளவு தெளிவாக இருக்கிறதே' என்று தோன்றினால் சந்தேகப்படுங்கள். 2014 ரெக்கார்டு ஸ்டோர் டே (இசைத்தட்டுக் கடைகளைக் கொண்டாடும் நாள்) அன்று வந்த முறையான மறுபதிப்பும் பன்னிரண்டு அங்குலம்தான். அது நல்ல தட்டு; அதை அசல் விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி.

இன்னொன்று 'லிக்ட் உண்ட் பிளிண்ட்ஹைட்'. பிரான்சின் ரூவான் நகரத்து சோர்டீட் சாந்திமாந்தால் லேபிள், 1980 மார்ச். 'அட்மாஸ்பியர்', 'டெட் சோல்ஸ்' இரண்டு பாட்டு. எண்ணிட்ட பிரதிகள் 1,578. மடித்து விரிக்கும் பெரிய உறை, உள்ளே ஓவியம், கட்டுரை. இதில்தான் நான் அடிபட்டேன். பல வருடம் முன்பு, ஐரோப்பாவில் இருந்த ஒருவரிடம், அரை மாதச் சம்பளத்துக்கு வாங்கினேன். எண் இருந்தது, மடிப்பு இருந்தது, பழுப்பேறிய ஓரம்கூட இருந்தது. இரண்டு நாள் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். மூன்றாம் நாள் தெருமுனை வாட்ச் ரிப்பேர்க் கடைக்காரரிடம் அவர் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி உறை எழுத்தைப் பார்த்தேன். எழுத்தின் விளிம்பு கோடாக இல்லை, புள்ளி புள்ளியாக உதிர்ந்திருந்தது. அச்சடித்த உறையைப் படம் பிடித்து அதையே மறுபடி அச்சடித்தால் அப்படித்தான் ஆகும்: படத்துக்குப் புள்ளி இருப்பது இயல்பு, எழுத்துக்கும் புள்ளி வந்தால் அது நகலின் நகல். தட்டைப் போட்டேன். ஊசி வைத்ததும் 'டிக்... டிக்...' என்று கீறல் சத்தம். எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் தட்டில் கீறலே இல்லை! வேறொரு பழைய தட்டை ஓட்டிப் பதிந்து, அதிலிருந்து வெட்டியிருக்கிறான். அந்தத் தட்டின் கீறல் இந்தத் தட்டுக்குள் பாட்டாகப் பதிந்துவிட்டது.

அன்றைக்கே பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று வாங்கினேன். இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

விலையும் விற்பவரும்

இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. அதில் இதற்கு முன் விற்ற குறைந்த விலை, நடு விலை, கூடிய விலை தெரியும். விற்பவர் கேட்கும் விலை அவர் ஆசை, விற்ற விலைதான் சந்தை. நடு விலைக்குப் பாதிக்குக் கீழே யாராவது அபூர்வத் தட்டை நீட்டினால் அவர் ஏமாளியாக இருக்க வாய்ப்பு குறைவு.

தட்டின் நிலையைச் சொல்லும் சொற்கள் புதியவர்களைக் கவிழ்க்கும். 'மின்ட்' என்றால் கை படாதது. 'நியர் மின்ட்' கிட்டத்தட்ட அப்படி. 'வெரி குட் பிளஸ்' என்பதுதான் நாம் சந்தோஷமாக வாங்க வேண்டியது. பிளஸ் இல்லாத வெறும் 'வெரி குட்' பாட்டின் அமைதியான இடங்களில் கரகரக்கும். ஹானெட்டின் ஒலியில் அமைதிதான் பாதி, அதனால் இந்தக் குழுவுக்கு அந்த நிலை எனக்கு ஒத்துவராது. 'குட்' என்றால் மோசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கும் உறைக்கும் தனித்தனி மதிப்பு இருக்கும், முதலில் சொல்வது தட்டுக்கு.

பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: உள்வளையம் இரண்டு பக்கமும், சாய்ந்த வெளிச்சத்தில், லேபிள் இரண்டும், உறையின் முதுகு, மடிப்புள்ள உறையானால் விரித்த நிலை. நல்ல விற்பனையாளர் முணுமுணுக்காமல் எடுத்து அனுப்புவார். 'நேரமில்லை' என்பவரிடம் போக நம் பணத்துக்கும் நேரமில்லை.

அனுப்பும்போது தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனியாக வைக்கச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கி உறையின் தையல் ஓரத்தைத் தட்டு கிழித்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியும் கூரியர்காரர்களின் கையாளும் கட்டணமும் சேரும், அதையும் போட்டுத்தான் விலை கணக்கிட வேண்டும். 'பரிசு என்று எழுதி மதிப்பைக் குறைத்துப் போடுங்கள்' என்று கேட்காதீர்கள். அது பொய் என்பது ஒருபுறம், பொட்டலம் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் கிடைக்கும்.

மான்செஸ்டர் போகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஓல்டம் தெருப் பக்கம் பழைய தட்டுக் கடைகளை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதற்கு நிகர் இல்லை.

காகிதம்: போஸ்டர், டிக்கெட், நோட்டீஸ்

எஃப்.ஏ.சி. 1 போஸ்டர் 1978-இல் ரஸ்ஸல் கிளப்பில் 'ஃபாக்டரி' என்ற பெயரில் நடந்த கச்சேரி இரவுகளுக்காக சேவில் செய்தது. மஞ்சள் நிறம், காதுக் கவசம் அணியச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையின் சாயல். அச்சாகி வந்து சேர்ந்தபோது முதல் நிகழ்ச்சியே முடிந்துவிட்டது. நிகழ்ச்சிக்குப் பிந்தி வந்த விளம்பரம்! இன்று அதன் நகல்கள் மலிந்து கிடக்கின்றன. காகிதத்துக்கும் கண்ணாடிதான் துணை. அந்தக் காலத்து அச்சில் ஒரே நிறப் பரப்பு ஒரே மையாக, புள்ளியில்லாமல் இருக்கும். இப்போதைய டிஜிட்டல் பிரிண்டரில் அதே மஞ்சளுக்குள் பல நிறத் துளிகள் தூவியது போலத் தெரியும்.

டிக்கெட், நோட்டீஸ் விஷயத்தில் தேதியைச் சரிபாருங்கள். கர்டிஸ் இறந்த பிறகான தேதியில் 'ஜாய் டிவிஷன் கச்சேரி' டிக்கெட் என்றால், நடக்காமல் போன நிகழ்ச்சிக்கு உண்மையில் அச்சடித்ததா, பின்னால் யாரோ கற்பனையில் அடித்ததா என்று தோண்ட வேண்டும். கையெழுத்துகள் பக்கம் நான் போவதே இல்லை. குழு பெரும்புகழ் பெறும் முன்பே கலைந்தது, கர்டிஸ் கையெழுத்து என்று சுற்றுவது அதற்குப் பொருந்தாத அளவுக்கு அதிகம். அந்தப் பொருள் யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்ற சங்கிலி எழுத்தில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சங்கிலி உறுதியாக இருந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு ஒரு கணக்கு: கர்டிஸின் வாக்ஸ் ஃபாண்டம் கிட்டார் 2020-இல் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் ஒன்றரை லட்சம் பவுண்டைத் தாண்டியது. நமக்கெல்லாம் பார்க்கத்தான்.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் 2022-இல் தொடங்கிய பிரிட்டிஷ் பாப் ஆவணக் காப்பகம் இருக்கிறது. குழுவின் மேலாளர் ராப் க்ரெட்டனின் காகிதங்கள் அங்கே இருக்கின்றன. அசல் பொருளின் நிறமும் தாளும் கண்ணில் ஒருமுறை பதிந்தால் பத்துப் போலிகளைத் தவிர்க்கலாம்.

டி-ஷர்ட் சேகரிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2012-இல் டிஸ்னி நிறுவனம் அந்த அலைக்கோடுகளை மிக்கி மவுஸ் தலை வடிவில் அடித்து விற்கத் தொடங்கி, சர்ச்சை கிளம்பியதும் எடுத்துவிட்டது. நான் வாங்கவில்லை. வாங்கியவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

கச்சேரிப் பதிவுகள்

இது தனி உலகம். முதலில் முறையாக வந்தவற்றை முடியுங்கள். பி.பி.சி.யில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக 1979 ஜனவரியிலும் நவம்பரிலும் பதிந்த இரண்டு அமர்வுகளை 1986, 87-இல் ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் நிறுவனம் தட்டாக வெளியிட்டது. 1980 பிப்ரவரி 28 பிரெஸ்டன் கச்சேரி 1999-லும், 1979 டிசம்பர் 18 பாரிஸ் லே பேன் தூஷ் கச்சேரி 2001-லும் வந்தன. 1980 மே 2 பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் கச்சேரிதான் கடைசி. அது 'ஸ்டில்' தட்டில் இருக்கிறது. அதில் 'செரிமனி' என்ற பாட்டு பாதியில் தொடங்கும். உங்கள் தட்டில் பழுது என்று நினைக்காதீர்கள், பதிவிலேயே தொடக்கம் இல்லை.

'வார்சா' என்ற பெயரில் சுற்றும் ஆல்பத்தின் கதையையும் தெரிந்துவையுங்கள். 1978 மே மாதம் மான்செஸ்டரில் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காகப் பதிந்து, குழுவுக்கே பிடிக்காமல் கைவிட்ட பாட்டுகள் அவை. பல வருடம் திருட்டுப் பதிப்பாகவே ஓடி, 1994-இல்தான் போர்ச்சுகலில் சி.டி.யாக வந்தது. பழைய திருட்டுத் தட்டுகளையே 'அபூர்வம்' என்று விலை ஏற்றுவார்கள். எத்தனை முறை அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாத பொருளுக்கு அபூர்வ விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

ரசிகர்களிடையே கைமாறும் ஒலிநாடாக்களில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எங்கிருந்து பதிந்தது: மேடை மிக்ஸரிலிருந்தா, வானொலியிலிருந்தா, கூட்டத்தில் நின்ற ஒருவரின் கையிலிருந்த ரெக்கார்டரிலா? எத்தனையாவது தலைமுறைப் பிரதி? கணினிக்கு எப்படி மாற்றினார்கள்? கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் இரைச்சல் ஒரு படி ஏறும், மேல்சுருதி ஒரு படி தேயும். ஆம்ஸ்டர்டாம் பாரடிசோவில் 1980 ஜனவரி 11 அன்று நடந்தது டச்சு வானொலிக்காகப் பதிவானது. அதனால் அது எந்தத் தலைமுறையிலும் ஓரளவு தேறும். கூட்டத்தில் பதிந்தவற்றில் மூன்றாம் தலைமுறைக்கு மேல் போனால் ஹுக்கின் பேஸ் கிட்டார் மட்டும்தான் மிஞ்சும். நல்லவேளை, அவர் உச்ச ஸ்தாயியில் வாசிப்பவர்.

வேகத்தையும் பாருங்கள். பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு ஓடிப்போகும், குரல் கீச்சிடும். முறையான வெளியீட்டில் அதே பாட்டை வைத்துச் சுருதி சேர்த்தால் பிசகு தெரியும். திருத்திய பிரதியைத் தனியாக வையுங்கள், வந்ததை வந்தபடியே தொடாமல் வையுங்கள். எம்.பி.3 ஆக்கியதைத் திரும்ப ஃப்ளாக் (ஒலியில் எதையும் இழக்காத கோப்பு வகை) ஆக்கி 'அசல் தரம்' என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அலைவரிசைப் படம் காட்டும் இலவச மென்பொருளில் திறந்தால், 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் நறுக்கியது போல மேல்பகுதி காணாமல் போயிருக்கும்.

இந்த நாடாக்களை மாற்றிக்கொள்வதோடு நிறுத்துங்கள், விற்காதீர்கள். உரிமை குழுவிடம் இருக்கிறது. காசு நுழைந்தால் கொடுக்கிற கைகளும் மூடிக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலில் காப்பாற்றுவது

மான்செஸ்டர் மழைக்குப் பிறந்த தட்டு, சென்னைப் புழுக்கத்தில் வாழ வேண்டும். செங்குத்தாக, சாயாமல், நெருக்கிப் பிடிக்காமல் நிற்கவையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளையும். மேற்கு வெயில் படும் சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். கடைகளில் கிடைக்கும் தடித்த, பளபளக்கும் பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம். வெப்பத்தில் அதிலிருந்து கசியும் ரசாயனம் தட்டின்மேல் பால் படிந்த மாதிரி மங்கலை உண்டாக்கும், கழுவினாலும் போகாது. பாலித்தீன் உறை போதும். அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மழைக்காலத்தில் மாதாமாதம் மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்குக் காகித உறையின் பசை என்றால் உயிர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பூஞ்சை பிடித்த தட்டை காய்ச்சி வடித்த நீரால், மென்மையான துணியில், பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கவும். லேபிளில் நீர் படக் கூடாது.

'கொமாகினோ' மாதிரி வளையும் தட்டை அடிக்கடி ஓட்டாதீர்கள். அடியில் ஒரு சாதாரணத் தட்டை வைத்து, அதன்மேல் இதை வைத்து, நல்ல ஊசியில் ஒரே முறை ஓட்டிக் கணினியில் பதிந்துகொண்டு உள்ளே வைத்துவிடுங்கள்.

கணக்கு நோட்டு

கடைசி வேலை, முதல் தட்டு வாங்கிய அன்றே தொடங்க வேண்டிய வேலை. ஒரு நோட்டில் பொருள், உள்வளையத்தில் இருப்பது எழுத்துக்கு எழுத்து, நிலை, வாங்கிய தேதி, விலை, வரி, யாரிடம் வாங்கியது. ரசீதையும் விற்பவர் அனுப்பிய படங்களையும் சேர்த்து வையுங்கள். நாளைக்கு விற்றாலும், காப்பீடு எடுத்தாலும் அந்தச் சங்கிலிதான் பேசும். வீட்டில் ஒருவருக்காவது நோட்டு இருக்கும் இடம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நாம் போன மறுமாதம் மொத்தமும் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறும். என் மனைவிக்கு இந்தப் பாட்டுகள் பிடிக்காது, 'எழவு வீடு மாதிரி இருக்கு' என்பாள். ஆனால் நோட்டு எந்த டிராயரில் என்று அவளுக்குத் தெரியும். அதில் ஏழாவது வரியில், பிரெஞ்சுத் தட்டுக்கு எதிரே, சிவப்பு மையில் அவள் கையாலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்: 'போலி. யாருக்கும் விற்கக் கூடாது.'